பச்சைச் சங்கை ஊதுசங்காக்குவது எப்படி?

தூத்துக்குடியில் வாங்கிய சங்கு ஒன்று ஆறு மாதம் என் அலமாரியில் சும்மா கிடந்தது. போன வாரம்தான் அதிலிருந்து முழு ஓசை வந்தது. அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

1. தோல்: மன்னார் வளைகுடாவில் குளித்தெடுக்கும் சங்கு, பூஜைக் கடைச் சங்குபோல வெள்ளையாக இருக்காது. பழுப்புத் தோல் மூடியிருக்கும். சதை இல்லாத வெறும் ஓடாகப் பார்த்து வாங்குங்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். ஆசிட் வேண்டவே வேண்டாம். சங்கு முழுக்கச் சுண்ணாம்பு. ஆசிட் ஓட்டையே அரித்து மினுமினுப்பைத் தின்றுவிடும். பிளீச்சிங் தண்ணீரில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

2. உச்சியை அறுப்பது: நீண்ட வால் பக்கம் அல்ல, சுருள் கூம்பி முடியும் பக்கம். கட்டிங் மெஷினைவிட ஹேக்ஸா பிளேடுதான் எனக்குப் பிடித்தது. நேரம் பிடிக்கும், ஆனால் கை நம் வசம் இருக்கும். தண்ணீர் விட்டுக்கொண்டே அறுங்கள், மாஸ்க்கும் போடுங்கள். சங்குத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

3. தடுப்பு: நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்குத் துளை விழுந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஊதினால் வெறும் காற்றுதான் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, உள்சுருளின் சுவர் பாதித் துளையை மறைத்து நின்றது. இதற்கு ஒரு சோதனை உண்டு. உச்சித் துளையில் தண்ணீர் ஊற்றுங்கள். சங்கின் வாய் வழியே கடகடவென்று கொட்ட வேண்டும். எனக்குச் சொட்டுச் சொட்டாக வடிந்தது. உருண்டை அரத்தால் அந்தச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக ராவினேன். இரண்டு நாள் ஆனது. அவசரப்பட்டு ஆணி வைத்துத் தட்டினால் விளிம்பு பெயர்ந்துவிடும்.

4. விளிம்பு: ஈரமான உப்புத்தாளால் உதட்டில் உறுத்தாதபடி தேய்த்து, நன்றாகக் கழுவுங்கள்.

5. ஊதுவது: வாயால் காற்றை மட்டும் தள்ளாதீர்கள். உதடுகளை இறுக்கி, குழந்தைகள் வண்டி ஓட்டுவதுபோல 'ப்ர்ர்ர்' என்று அதிரவிடுங்கள்.

பின்சேர்க்கை: வழக்கமான சங்குக்கு எதிர்ப்பக்கமாகச் சுருளும் அரிய சங்கான வலம்புரியையும் இப்படி அறுக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். முதலில் அது நம் சங்குதானா என்று பாருங்கள். அமெரிக்கக் கடற்கரையில் இயல்பாகவே அந்த எதிர்ப்பக்கம் சுருளும் வேறொரு நத்தையின் ஓட்டை வலம்புரி என்று விற்கிறார்கள். நம் சங்கின் வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரிவரியாக ஓடும். அந்த அமெரிக்க நத்தை ஓட்டில் அவை இருக்காது. மடிப்பு இருக்கும் உண்மையான வலம்புரி என்றால் அரம் வைக்காதீர்கள், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.