மாற்றுக் கல்லீரல் பாதுகாக்கப்பட்ட முறையைக் கேட்டறிந்து, நிராகரிப்பைக் கண்காணிப்பது எப்படி?

ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும், கல்லீரலுக்காக ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ வேறிடத்திலோ பதிவு செய்துவிட்டு, கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்தபடி காத்திருக்கும் குடும்பங்கள் முதலில் கேட்டறிய வேண்டியது, உறுப்பு எத்தனை மணி நேரம் குளிரில் இருந்தது என்பதே.

மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலில் இருந்து இரத்தத்தை வெளியேற்றி, யூ.டபிள்யூ. அல்லது எச்.டி.கே. என்னும் குளிர்ந்த கரைசலைச் செலுத்தி, கிருமி நீக்கிய பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக் கட்டி, ஐஸ் பெட்டியில் ஏறத்தாழ 4 டிகிரியில் கொண்டுவருவதே வழக்கமான முறை. காசிமேட்டில் மீன்மேல் ஐஸைக் கொட்டுவதுபோல இங்கே கொட்டுவதில்லை. ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். உயிருடன் இருப்பவர் கொடையளித்தால் உறுப்பு பெரும்பாலும் அடுத்த அறையிலிருந்தே வருவதால், குளிர் நேரம் மிகவும் குறைவு.

குளிர் செல்களின் வேலையை மெதுவாக்குமே தவிர நிறுத்திவிடாது. ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் செல்களுக்குள் சக்சினேட் என்னும் வேதிப்பொருள் தேங்குகிறது. பொருத்தியபின் இரத்தம் மீண்டும் பாயும்போது அது எரிந்து செல்களைத் தாக்க, சேதமடைந்த செல்கள் வெளியிடும் பொருள்கள் நோயாளியின் எதிர்ப்பாற்றலை உசுப்பிவிடுகின்றன. பொருத்திய உறுப்பை நோயாளியின் உடலே எதிர்த்துத் தாக்கும் நிராகரிப்புக்கு அது தூண்டுகோலாகலாம். கொழுப்பு படிந்த கல்லீரல் இந்தச் சேதத்தைத் தாங்குவது கடினம் என்பதால், கொழுப்பின் அளவையும் கேளுங்கள்.

ஆக்சிஜன் ஏற்றிய கரைசலைச் சுமார் 10 டிகிரியில் ஓடவிடும் இயந்திரமும், 37 டிகிரியில் இரத்தத்தையே ஓடவிடும் இயந்திரமும் இப்போது உள்ளன. இதயத் துடிப்பு நின்றபின் பெறப்பட்ட கல்லீரல்களில் செய்து 2021இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், குளிர் இயந்திர முறை, குழாயை இணைத்த இடத்துக்கு அப்பால் அறிகுறிகளோடு தோன்றும் பித்தக்குழாய்ச் சுருக்கத்தை 18 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைத்தது. நிராகரிப்பு குறைவது மனிதர்களில் இந்த அளவுக்கு நிறுவப்படவில்லை. ஆகவே இயந்திரம் கிடைக்கவில்லையே என்று எவரும் மனம் உடைய வேண்டாம்.

அறுவைக்குப்பின் ஒரு நோட்டில் தேதிவாரியாக எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் கல்லீரல் என்சைம்களின் அளவுகளையும், பிலிருபின் என்னும் பித்த நிறமியின் அளவையும் எழுதிவாருங்கள். முதல் இரண்டு மூன்று நாட்களில் என்சைம்கள் உயர்ந்து பிறகு இறங்கினால், அது பெரும்பாலும் பாதுகாப்பின்போது நேர்ந்த சேதத்தின் சுவடு. இறங்கிய எண்கள் ஒரு வாரம் கழித்தோ பிறகோ மீண்டும் ஏறினால், காய்ச்சலோ வலியோ இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கல்லீரலிலிருந்து சிறு திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் நிராகரிப்பா என்று உறுதி செய்யும்.

நிராகரிப்பைத் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்து இரத்தத்தில் எவ்வளவு உள்ளது என்று பார்க்கும் நாளில், காலை மாத்திரையை விழுங்காமல் சட்டைப்பையில் எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்த பிறகே போட்டுக்கொள்ளுங்கள். பப்ளிமாஸ் பழம் அம்மருந்தின் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் வெகுவாக இறக்கி நிராகரிப்புக்கு வழி திறந்துவிடும். எனவே வேறு எந்த மருத்துவர் எந்தச் சீட்டு எழுதினாலும், மருந்தை வாங்கும் முன்பே மாற்று அறுவைக் குழுவிடம் காட்டிவிடுங்கள்.