மழையில்லாமல் தெருவில் தண்ணீர்: என் அனுபவம்

மழையே இல்லை. ஆனால் தெருச் சாக்கடை திடீர் திடீரென்று நிரம்பி வாசல்படி வரை தண்ணீர் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பேரூராட்சி எங்களுடையது. அடைப்பு என்று மனு கொடுத்தோம். ஆட்கள் வந்து வண்டலை அள்ளிப் போட்டார்கள். சில நாள் சரியாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான். செயல் அலுவலரைப் பார்த்தால், "அடைப்பே இல்லையே சார்" என்றார். அதுவும் உண்மைதான்.

தண்ணீரின் நிறத்தைத்தான் யாரும் கவனிக்கவில்லை. சாக்கடைக் கறுப்பு இல்லை, செங்கலங்கல். நாற்றமும் குறைவு. ஒருநாள் காலையில் வாசலில் கெண்டைக் குஞ்சு ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. சாக்கடையில் ஏது கெண்டை?

பக்கத்துப் பாசன வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களைக் காலண்டரில் குறித்து வந்தேன். முறை வந்த மறுநாள் தெருவில் தண்ணீர். முறை முடிந்ததும் வடிந்துவிடும். சாக்கடை போய் விழும் இடத்தைப் பார்த்தால், குழாயின் வாய் வாய்க்கால் நீர்மட்டத்துக்குக் கீழே. ஷட்டர் ஓடும் இரும்புக் காடி இருந்தது, பலகையைக் காணோம். வாய்க்கால் தண்ணீர்தான் குழாய் வழியாக எதிர்த்து ஏறித் தெருவுக்கு வந்திருக்கிறது.

வாய்க்கால் நீர்வளத்துறையுடையது என்பதால் பேரூராட்சி தானாகக் கை வைக்காது. வார்டு உறுப்பினரிடம் காலண்டர் தாளையும் போட்டோவையும் கொடுத்து, மன்றக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொன்னேன். வேலை நடந்தது அதனால்தான். தீர்மான நகலோடு நீர்வளத்துறைக்குக் கடிதம் போனதும் அங்கிருந்து உதவிப் பொறியாளர் வந்து பார்த்து ஒப்புதல் தந்தார். பேரூராட்சிப் பொது நிதியில் புது ஷட்டர் போட்டார்கள்.

முறை நாளில் இறக்கணும், மற்ற நாளில் ஏற்றணும், இல்லாவிட்டால் சாக்கடையே தேங்கும். சாவி இப்போது மதகுப் பக்கத்து டீக்கடையில்.