கவுன்சிலிங் போறீங்களா? எதுக்கெடுத்தாலும் தலையாட்டிட்டு வராதீங்க

மனசு சரியில்லன்னு கவுன்சிலிங் போலாமான்னு யோசிச்சு யோசிச்சே சிலருக்கு வருஷக்கணக்கா ஓடிடும். ஒரு வழியா மனச தேத்திக்கிட்டு போவாங்க, ரெண்டு மூணு செஷன்லயே நிறுத்திடுவாங்க, ஏன்னு கேட்டா "அந்த மேடம் நல்லவங்கதான், ஆனா எனக்கு செட் ஆகல"ன்னு பதில் வரும், அத அவங்ககிட்டயே சொன்னீங்களான்னு கேட்டா "ஐயோ மூஞ்சிக்கு நேரா எப்படி சொல்றது, தப்பா நெனச்சுக்க மாட்டாங்களா"ம்பாங்க. டாக்டர், வாத்தியார், பெரியவங்க முன்னாடி எதிர்த்து பேசக்கூடாதுன்னு சொல்லியே வளத்துட்டாங்க, தெரபிஸ்ட்டும் அந்த வரிசையில சேந்துடுறாங்க. காய்ச்சலுக்கு டாக்டர் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வந்தாலும் மாத்திரை வேலை செஞ்சுடும், கவுன்சிலிங்ல நீங்க மறைச்சு வச்சத வச்சு யாராலயும் எதையும் சரி பண்ண முடியாது. அதனால எங்க போறது, என்ன கேக்குறது, உள்ள போய் எப்படி பேசுறதுன்னு எனக்கு தெரிஞ்சத எழுதுறேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. உயிரோட இருக்கவே பிடிக்கலங்கிற அளவுக்கு மனசு போயிருந்தா இத படிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க, இப்பவே 14416க்கு ஃபோன் பண்ணுங்க. 2022 அக்டோபர்ல இருந்து ஓடுற மத்திய அரசோட டெலி மானஸ் ஹெல்ப்லைன் அது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். சென்னையில 1986ல டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆரம்பிச்ச சிநேகாங்கிற தற்கொலை தடுப்பு அமைப்பும் இருக்கு, 044-24640050. கூட இருக்குற ஒருத்தர்கிட்டயாவது வாய்விட்டு சொல்லிடுங்க, அன்னிக்கு தனியா இருக்காதீங்க.

சரி, யாருகிட்ட போறது? போர்டு பாத்தா எல்லாம் ஒரே மாதிரி தெரியும், ஆனா ஆள் வேற வேற. சைக்யாட்ரிஸ்ட்னா எம்பிபிஎஸ் முடிச்சு மேல எம்டி சைக்யாட்ரியோ டிபிஎம்ங்கிற மனநல டிப்ளமாவோ படிச்ச டாக்டர், மாத்திரை எழுதுறது அவங்க வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐங்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கணும், அது 1992 சட்டம், ரொம்ப பேர் ரெண்டு வருஷ எம்ஃபில் முடிச்சு ஆஸ்பத்திரியில பயிற்சி எடுத்துட்டு வந்திருப்பாங்க, பதிவு நம்பர சிஆர்ஆர் நம்பர்னு சொல்வாங்க. கவுன்சிலர்ங்கிறதுலதான் கொஞ்சம் உஷாரா இருக்கணும். எம்எஸ்சி சைக்காலஜி முடிச்சு சீனியர்கிட்ட வருஷக்கணக்கா கத்துக்கிட்டவங்களும் கவுன்சிலர்னுதான் போர்டு வைக்கிறாங்க, வார கடைசி கோர்ஸ் ஒண்ணு முடிச்சவங்களும் அதே போர்டுதான் வைக்கிறாங்க. இவங்களையெல்லாம் ஒரு முறைக்குள்ள கொண்டு வர 2021ல மத்திய சட்டம் ஒண்ணு வந்திருக்கு, அது முழுசா நடைமுறைக்கு வர்ற வரைக்கும் கேட்டு தெரிஞ்சுக்க வேண்டியது நாமதான். எம்ஃபில் இல்லாத நல்ல கவுன்சிலர்ஸும் இருக்காங்க, நான் பட்டத்த மட்டும் வச்சு சொல்லல. என்ன படிச்சீங்கன்னு கேட்டா நேரா பதில் சொல்றாங்களான்னு பாருங்க.

காசு ஒரு பெரிய விஷயம். சென்னையில ஒரு செஷனுக்கு ஆயிரம், ஆயிரத்தி ஐநூறு, அதுக்கு மேலன்னு கேக்குற இடங்கள் நிறைய, வாரா வாரம் போனா சம்பளத்துல ஒரு பெரிய துண்டு போயிடும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் மாவட்ட தலைமை ஆஸ்பத்திரியிலயும் மனநல ஓபி இருக்கு, காசு வாங்க மாட்டாங்க. மாவட்ட மனநல திட்டம் தமிழ்நாட்டுல 1997ல திருச்சியில ஆரம்பிச்சு இப்ப எல்லா மாவட்டத்துக்கும் வந்தாச்சு. அங்க கூட்டம் இருக்கும், ஒருத்தருக்கு 45 நிமிஷம் ஒதுக்குறது கஷ்டம், ஆனா என்ன பிரச்சனைன்னு தெரிஞ்சுக்கவும் மாத்திரை வேணும்னா தொடர்ந்து வாங்கவும் அது நம்பி போற இடம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794ல இருந்து இருக்கு, அந்த ஊர் பேர வச்சு ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்ற பழக்கத்தால எத்தனை பேர் அந்த வாசப்படிய மிதிக்காம இருந்திருப்பாங்கன்னு நெனச்சா எனக்கு வயிறு எரியும்.

பிரைவேட்னா அப்பாயின்ட்மென்ட் போடுற ஃபோன்லயே பாதி விஷயத்த கேட்டுடலாம். "பதட்டத்துக்காக வர்றேன், இந்த மாதிரி கேஸ் நீங்க பாப்பீங்களா, என்ன முறையில பாப்பீங்க, தமிழ்ல பேசலாமா, ஒரு செஷன் எவ்வளவு நேரம், வர முடியலன்னா எத்தனை மணி நேரம் முன்னாடி சொல்லணும், ஃபீஸ் கொறைக்க வழி இருக்கா" இவ்ளோதான். தமிழ்ல பேசலாமாங்கிறத விட்டுடாதீங்க ப்ளீஸ். ஆஃபீஸ்ல நல்லா இங்கிலீஷ் பேசுறவங்க கூட அம்மா மேல இருக்குற கோவத்த இங்கிலீஷ்ல சொல்லும்போது அது ரிப்போர்ட் படிக்கிற மாதிரி ஆகிடுது, அழுகையும் திட்டும் வர்ற பாஷையில பேசுனாதான் உள்ள இருக்குறது வெளிய வரும்.

முதல் செஷனுக்கு போறதுக்கு முன்னாடி ஃபோன்ல நாலு வரி எழுதி வச்சுக்கோங்க, உள்ள போனதும் எல்லாம் மறந்துடும். "மனசு சரியில்ல"ங்கிறது ஆரம்பிக்க போதும், ஆனா அதோட நிறுத்தாதீங்க. எப்ப இருந்து, தூக்கம் எத்தனை மணிக்கு கலையுது, சாப்பாடு எறங்குதா, நெஞ்சு படபடப்பு எங்க போனா வருது, முன்னாடி பிடிச்ச எது இப்ப பிடிக்கல, இந்த மாதிரி. நம்ம ஊர்ல மனசு கஷ்டம் முக்கால்வாசி உடம்பு வழியாதான் வெளிய வரும், தலை பாரம், வயித்த பெரட்டுறது, கை கால் அசதின்னு, அதையும் வெக்கப்படாம சொல்லுங்க. சாப்பிடுற மாத்திரை, குடி, எல்லாம் சொல்லணும். தைராய்டு கொறஞ்சாலும் பி12 கொறஞ்சாலும் டிப்ரஷன் மாதிரியே இருக்கும், அதனால ரத்த டெஸ்ட் எடுக்க சொன்னா நம்மள நம்பலன்னு நெனைக்காதீங்க.

ஒரு பேப்பர் குடுத்து டிக் அடிக்க சொல்லலாம், நிறைய இடத்துல அது டிப்ரஷன் எவ்வளவு இருக்குன்னு பாக்குற பிஎச்க்யூ-9. கடந்த ரெண்டு வாரத்த பத்தி 9 கேள்வி, மொத்தம் 0ல இருந்து 27 வரைக்கும் ஸ்கோர். இது பரீட்சை இல்ல, இப்ப எங்க நிக்கிறீங்கன்னு பாத்துட்டு ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி குடுத்து ஒப்பிடுவாங்க. ஒன்பதாவது கேள்வி சாகணும்னு தோணுதா, உங்கள காயப்படுத்திக்க தோணுதான்னு கேக்கும், நிறைய பேர் அட்மிட் பண்ணிடுவாங்களோ, வீட்டுக்கு சொல்லிடுவாங்களோன்னு பயந்து அதுல மட்டும் ஜீரோ போட்டுடுறாங்க. உண்மைய போடுங்க. அப்படி தோணுதுன்னு சொன்ன உடனே யாரும் ஆம்புலன்ஸ் கூப்பிட மாட்டாங்க, எவ்வளவு அடிக்கடி தோணுது, ஏதாவது திட்டம் இருக்கா, யாரு கூட இருக்கீங்கன்னு நிதானமா கேட்டு உங்கள எப்படி பத்திரமா வச்சுக்கிறதுன்னு உங்களோட சேந்துதான் யோசிப்பாங்க.

வீட்டு விஷயத்த முதல் நாளே பேசி முடிச்சுடணும். அம்மாவோ வீட்டுக்காரரோ கூட வருவாங்க, வெளிய வந்ததும் "என்ன சொன்னாங்க, எங்கள பத்தி என்ன சொன்ன"ன்னு ஆரம்பிக்கும், சில வீட்டுல நேரா தெரபிஸ்ட்டுக்கே ஃபோன் போடுவாங்க. அதனால உக்காந்த உடனே "எங்க வீட்டுல இருந்து கூப்பிட்டா என்ன சொல்வீங்க"ன்னு கேளுங்க. மனநல பராமரிப்பு சட்டம் 2017, பிரிவு 23 ரகசியம் காக்கப்படுறது உங்க உரிமைன்னு சொல்லுது. அதுக்கு எல்லை உண்டு: உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, கோர்ட் கேட்டா, அப்புறம் குழந்தைகிட்ட யாராவது பாலியல் ரீதியா தப்பா நடந்தது தெரிஞ்சா போக்சோ சட்டப்படி சொல்லியே ஆகணும். நல்ல தெரபிஸ்ட் இத அவங்களே முதல் செஷன்ல எடுத்து சொல்வாங்க. வீட்டுல கேட்டா "தூக்கம் வர்றதுக்கு வழி சொல்லி குடுத்தாங்கம்மா"ன்னு ஒரு வரி போதும், அதுக்கு மேல சொல்லணும்னு கட்டாயம் இல்ல.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன். எட்வர்ட் போர்டின்ங்கிற சைக்காலஜிஸ்ட் 1979ல எழுதினது இன்னிக்கும் தெரபிஸ்ட்டுகளுக்கு பாடம்: எதுக்காக வந்திருக்கோம்ங்கிறதுல ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகணும், அதுக்கு என்ன செய்யப்போறோம்ங்கிறதுல ஒத்துப்போகணும், ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு நம்பிக்கை இருக்கணும். செட் ஆகலன்னு தோணுச்சுன்னா இந்த மூணுல எது இடிக்குதுன்னு பாருங்க. நீங்க தூக்கம் வரணும்னு வந்தீங்க, அவங்க உங்க சின்ன வயச பத்தியே கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னா "மேடம், நான் தூக்கத்துக்காக வந்தேன், இது அதுக்கு எப்படி உதவும்னு புரியல"ன்னு சொல்லுங்க, அதுல மரியாதை கொறைவு எதுவும் இல்ல. எண்ணங்கள எழுதிட்டு வர சொல்லி எழுத முடியலன்னா செஷன கேன்சல் பண்ணாதீங்க, "எழுத உக்காந்தாலே பயமா இருந்துச்சு"ன்னு போய் சொல்லுங்க, அந்த பயத்த பத்தி பேசுறதே அன்னிக்கு வேலை. போன வாரம் அவங்க சொன்ன ஒரு வார்த்தை உறுத்துதுன்னா "சார், நீங்க சாதாரணமாதான் சொன்னீங்க, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு"ன்னு ஆரம்பிங்க. நேர்ல வாய் வரலன்னா மெசேஜா அனுப்பிட்டு அடுத்த செஷன இதுலயே ஆரம்பிக்கலாம்னு சொல்லுங்க. இதுக்கு அவங்க என்ன பண்றாங்கங்கிறதுலதான் ஆள் தெரியும். நல்ல தெரபிஸ்ட் மூஞ்ச தூக்கி வச்சுக்க மாட்டாங்க, இன்னும் கொஞ்சம் சொல்லுங்கம்பாங்க, தேவைன்னா வேற ஒருத்தர அவங்களே சொல்லி அனுப்புவாங்க. வீட்டுல, ஆஃபீஸ்ல எங்கயும் "எனக்கு இது பிடிக்கல"ன்னு சொல்லி பழகாதவங்களுக்கு, அந்த ரூம்ல ஒரு தடவ சொல்லி ஒண்ணும் இடிஞ்சு விழலன்னு பாக்குறது எவ்வளவு பெரிய விஷயம்னு வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு தெரியாது.

ஆனா சில விஷயத்துக்கு பேச்சே வேண்டாம், எழுந்து வந்துடுங்க. என்ன ஆளுங்கன்னு ஜாதி துருவுறது, அடிக்கிற புருஷன்கிட்ட அனுசரிச்சு போக சொல்றது, கல்யாணம் பண்ணா எல்லாம் சரியாயிடும்ங்கிறது, தேவையில்லாம தொடுறது, உங்களோட பிசினஸோ நட்போ பேசுறது, பரிகாரம் சொல்றது. ஓரினச்சேர்க்கையாளர், திருநர் யாரையும் "மாத்திடுறேன்"னு ஒருத்தர் சொன்னா அது சிகிச்சையே கிடையாது. 2021 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அப்படிப்பட்ட "சிகிச்சை"க்கு தடை சொல்லி உத்தரவு போட்டார், அந்த வழக்குல முடிவெடுக்குறதுக்கு முன்னாடி தனக்கே இத பத்தி புரிதல் வேணும்னு ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட போய் உக்காந்து பேசினார், அத வெளிப்படையா பதிவும் பண்ணினார். ஒரு நீதிபதியே எனக்கு தெரியல, கத்துக்கிறேன்னு போய் உக்காந்தது எனக்கு ரொம்ப பெருசா படுது.

மாத்திரை ஆரம்பிச்சிருந்தா ஒரு வரி: டிப்ரஷன் மாத்திரை பொதுவா வேலை காட்ட ரெண்டுல இருந்து நாலு வாரம், சிலருக்கு அதுக்கு மேலயும் ஆகும், பலன் தெரியலன்னோ சரியாயிடுச்சுன்னோ நீங்களா சட்டுனு நிறுத்தாதீங்க, எழுதின டாக்டர்கிட்ட கேட்டு கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும். இன்சூரன்ஸ் பத்தியும் கேப்பீங்க, 2017 சட்டத்தோட பிரிவு 21 உடம்பு நோய்க்கு இருக்குற மாதிரியே மனநோய்க்கும் காப்பீடு குடுக்கணும்னு சொல்லுது, ஆனா நிறைய பாலிசி அட்மிட் ஆனாதான் பணம் தரும், ஓபி கவர் இருக்கான்னு கேட்டு பாருங்க. ஆஃபீஸ்ல இலவச கவுன்சிலிங் திட்டம் இருந்தா எச்ஆருக்கு என்ன தகவல் போகும்னு முதல்லயே கேளுங்க.

நிறுத்தணும்னு தோணும்போது ஃபோன எடுக்காம காணாம போயிடாதீங்க, கடைசியா ஒரு செஷன் கேட்டு வாங்குங்க. எந்த அறிகுறி வந்தா திரும்ப வரணும்னு அவங்களோட உக்காந்து எழுதிக்கோங்க, ரெண்டு வாரமா சரியா தூக்கம் இல்ல, ஃப்ரெண்ட்ஸ் ஃபோன எடுக்க பிடிக்கல, குளிக்க கூட தோணலன்னு உங்களுக்கு எது முதல்ல வரும்னு உங்களுக்குத்தான் தெரியும். வேற ஊருக்கு மாறுறீங்கன்னா இதுவரைக்கும் என்ன பாத்தோம், எது உதவுச்சுன்னு ஒரு லெட்டர் கேளுங்க, உங்க அடிப்படை மருத்துவ பதிவுகள கேட்டு வாங்குறதுக்கு அதே சட்டத்தோட பிரிவு 25ல உரிமை இருக்கு, அத ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டா புது எடத்துல எல்லாத்தையும் முதல்ல இருந்து சொல்ல வேண்டியிருக்காது.