"இப்படித்தான் இருக்கணும்" என்ற பிடிவாதத்தைத் தளர்த்துவது எப்படி?

வீட்டில் சின்ன விஷயத்துக்குப் பெரிய கோபம் வருகிறதா? உள்ளே ஏதோ ஒரு விதி உட்கார்ந்திருக்கிறது, முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். ஓஎம்ஆரில் வேலை முடித்து ராத்திரி ஒன்பது மணிக்கு வேளச்சேரி வீட்டுக்கு வரும் மருமகள் கடையில் இட்லி வாங்கி வந்தால் மாமியார் முகம் சுண்டிப்போகிறது. "நல்ல மருமகள் தன் கையால்தான் சமைக்க வேண்டும்" என்பது அவர் விதி. மருமகளுக்கும் ஒன்று உண்டு: "நான் சொல்லாமலே என் கஷ்டம் இவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்."

கோபம் தணிந்த பிறகு உங்கள் விதியை நோட்டில் ஒரே வரியில் எழுதுங்கள். மனசுக்குள் இருக்கும்வரை ஊர் உலகத்துக்கே பொதுவான நியாயமாகத் தெரிந்தது, எழுதிப் பார்த்தால் நம் கருத்துதான் என்று தெரியும்.

அப்புறம், அது ஆசையா கட்டளையா என்று பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1950களில் உருவாக்கிய சிகிச்சை முறைக்கே இதுதான் அடிப்படை. பையனுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் நல்லது என்பது ஆசை, கிடைக்காவிட்டால் வருத்தப்பட்டுத் தேறிவிடலாம். கிடைத்தே ஆகணும், இல்லையென்றால் எல்லாம் போச்சு என்று நினைத்துவிட்டால் அப்பாவுக்குத் தூக்கம் போகும், சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்காட்டல் ஆரம்பிக்கும், பையன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதையே நிறுத்திவிடுவான். எனக்கு இதில் அதிகம் வலிப்பது அந்தக் கடைசி விஷயம்தான்.

பிறகு ஒரு சின்ன சோதனை. "இந்த வளைகாப்புக்குப் போகாவிட்டால் உறவே அறுந்துவிடும்" என்று தோன்றினால், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை எழுதி வைத்துவிட்டு, ஒரு முறை போகாமல் இருந்து, நடந்ததையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பெரிய விதியில் கை வைக்காதீர்கள், சின்னதில் தொடங்குங்கள்.

அடுத்தவருடைய விதி என்றால் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், சொந்தக்காரர்கள் எதிரில் பேசவே பேசாதீர்கள். "அத்தை, வெளியில் வாங்கினால் உங்களுக்கு என்ன கவலை?" என்று நிதானமாகக் கேளுங்கள். சர்க்கரை பற்றிய பயமாக இருக்கலாம், அடுப்படியில் தனக்கு இனி இடமில்லையோ என்ற பயமாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றிலும் வளைந்து கொடுக்கச் சொல்லவில்லை. அடிப்பது, சம்பளத்தைப் பிடுங்குவது எல்லாம் சகிக்க வேண்டியவை இல்லை, பெண்கள் 181 உதவி எண்ணுக்குப் பேசலாம். திரும்பத் திரும்பக் கை கழுவுவது, பூட்டைப் பத்து தடவை இழுத்துப் பார்ப்பது போன்றவை பிடிவாதம் இல்லை, மனநல மருத்துவரிடம் போங்கள்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். கீழ்ப்பாக்கம் என்றாலே கேலி பேசும் வழக்கத்தை தயவுசெய்து விடுங்கள், 1794இல் தொடங்கிய அந்த அரசு மனநல மருத்துவமனையில் வெளிநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.