நமுத்துப் போன வெல்லப் பொரிக் கலவையைச் சரிசெய்த விதம்

கார்த்திகை தீபத்துக்கு ஆண்டுதோறும் பொரி உருண்டை பிடித்துப் பழகிய கை என்பதால், அரிசிப் பொரி, கார்ன்ஃபிளேக்ஸ், வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை ஆகியவற்றை வெல்லப் பாகில் புரட்டி உதிரியான இனிப்புக் கலவை செய்வது எளிது என்றே எண்ணியிருந்தேன். முதல் முறை செய்தது மாலைக்குள் நமுத்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

அதிரசத்துக்கு எடுப்பதுபோல, தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வரும் தக்காளிப் பதத்திலேயே பாகை இறக்கியிருந்தேன். அந்தப் பதத்தில் தங்கியிருக்கும் நீர் முழுவதையும் பொரி உறிஞ்சிக்கொள்கிறது.

மறுமுறை 4 கப் கலவைக்கு முக்கால் கப் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, சிறு தீயில் பொறுமையாகக் காய்ச்சினேன். ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டபோது ‘டங்’ என்று ஓசை எழுந்தது. வளைத்தபோது வளையாமல் பட்டென்று ஒடிந்தது. (சர்க்கரைப் பாகில் இந்த நொறுங்கு பதம் 146 முதல் 154 டிகிரி செல்சியஸுக்குள் வரும், எனக்கென்னவோ வெப்பமானியைவிடத் தட்டின் ஓசையில்தான் நம்பிக்கை.) அடுப்பை அணைத்ததும் ஒரு தேக்கரண்டி நெய்யும் ஏலக்காய்ப் பொடியும் சேர்த்தேன்.

பொரியையும் கார்ன்ஃபிளேக்ஸையும் முன்னதாகவே வெறும் வாணலியில் வறுத்துச் சூடாக வைத்திருந்தேன். ஆறிய பொரியில் பாகு சட்டென்று இறுகிக் கட்டி தட்டிவிடும். புரட்டியவுடன் நெய் தடவிய தட்டில் பரப்பி, இரண்டு கரண்டிகளால் பிரித்துவிட்டு, முழுதும் ஆறிய பின்னரே டப்பாவில் அடைத்தேன். பத்து நாள் கழித்தும் மொறுமொறுப்புக் குறையவில்லை.