வாட்ஸ்அப் குழுவில் ராகப் புதிர் போடுவது எப்படி?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் கர்நாடக சங்கீத ரசிகர்கள் ஒரு சின்னக் கூட்டம்தான். ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி (எழுத்தர்), தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள், கோயில் நாதஸ்வரக்காரர், ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வரும் இளைஞர்கள் சிலர். வாரம் ஒரு புதிர் என்று ஆரம்பித்ததில் நடத்தும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள் என்பதால் செய்முறையை எழுதுகிறேன். குழு தொடங்குவதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தட்டச்சுக்கு என் சிபாரிசு முத்து நெடுமாறனின் செல்லினம் விசைப்பலகைச் செயலி. நம்மூர்க்காரர் செய்தது, ஸ, ஷ, ஹ தேடி அலைய வேண்டியதில்லை.

படி 1: கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

விடை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், காகிதத்தில் சரிபார்க்கவும் முடிய வேண்டும். "யார் பாடிய தோடி உசத்தி?" என்று கேட்டால் விடிய விடியச் சண்டைதான். புதியவர்களுக்கு முத்திரைக் கேள்வி நல்ல தொடக்கம் (முத்திரை என்பது பாட்டை இயற்றியவர் அதில் வைக்கும் அடையாளச் சொல்): பாட்டின் கடைசியில் 'குருகுஹ' வந்தால் முத்துசுவாமி தீட்சிதர், 'ஸ்யாமகிருஷ்ண' வந்தால் சியாமா சாஸ்திரி. ஆனால் இது சீக்கிரம் தீர்ந்துவிடும். தீராத சுரங்கம் 72 மேளகர்த்தா ராகங்கள், அதாவது தாய் ராகங்கள்.

படி 2: கடபயாதி

கடபயாதி என்பது எழுத்துகளுக்கு எண் தரும் பழைய முறை (பட்டியல் கீழே). மேள ராகத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகளுக்கு உரிய எண்களை எடுத்துத் திருப்பிப் போட்டால் அந்த ராகத்தின் வரிசை எண் கிடைக்கும். உயிர்க்குறிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். மாயாமாளவகௌளை: ம 5, ய 1. 51ஐத் திருப்பினால் 15. சரளி வரிசை படித்த எல்லாருக்கும் பழக்கமான ராகம், முதல் புதிருக்கு இதையே வையுங்கள்.

சிக்கல் இனிமேல்தான். கரஹரப்ரியாவின் எண் என்ன என்று கேட்டபோது குழுவில் பாதிப் பேர் 21 என்றார்கள், மீதிப் பேர் 22 என்றார்கள். இரண்டு பக்கமும் கணக்கு சரி! தமிழில் க ஒன்றுதான். கடபயாதியிலோ நான்கு க உண்டு, அவற்றுக்கு 1, 2, 3, 4 என்று தனித்தனி எண். கரஹரப்ரியாவில் வருவது இரண்டாவது க. அதனால் 2, ர வுக்கும் 2, ஆக 22. முதல் க என்று எடுத்தால் 12, திருப்பினால் 21. அது கீரவாணி. மூன்றாவது க என்றால் 23, கௌரிமனோகரி. ஓர் எழுத்தை மாற்றி உச்சரித்தால் ராகமே மாறிவிடுகிறது.

தீர்வு பழைய கீர்த்தனைப் புத்தகங்களிலேயே இருக்கிறது: க², க³, க⁴ என்று எழுத்தின் தலையில் எண் போடுவது. கைப்பேசியில் ஆங்கில விசைப்பலகைக்கு மாறி, எண்ணை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் வரும். வராவிட்டால் யாரையாவது அனுப்பச் சொல்லி, நகலெடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். குழுவின் விளக்கப் பகுதியில் இந்தப் பட்டியலை நிரந்தரமாகப் போட்டு வையுங்கள்:

க 1, க² 2, க³ 3, க⁴ 4, ங 5, ச 6, ச² 7, ஜ 8, ஜ² 9, ஞ 0
ட 1, ட² 2, ட³ 3, ட⁴ 4, ண 5, த 6, த² 7, த³ 8, த⁴ 9, ந 0
ப 1, ப² 2, ப³ 3, ப⁴ 4, ம 5
ய 1, ர 2, ல 3, வ 4, ஶ 5, ஷ 6, ஸ 7, ஹ 8

ன வந்தாலும் ந கணக்குதான், பூஜ்ஜியம். கனகாங்கி 01 ஆவது அப்படித்தான். ரசிகப்ரியாவை ஸ போட்டு எழுதுங்கள்: ர 2, ஸி 7, ஆக 72. முதல் மேளமும் கடைசி மேளமும் கைவசம். தீரசங்கராபரணத்தில் இருப்பது த⁴, எனவே 29. அதைச் சாதாரண த என்று எடுத்தால் 26, சாருகேசியில் போய் நிற்பீர்கள். இந்தக் குழப்பத்தையே அடுத்த வாரப் புதிராக்கலாம், எங்கள் கிராணி ஐயாவுக்கு ரொம்பப் பிடித்தது.

படி 3: ஒலிப் புதிர்

கைப்பேசியில் ஏதாவது ஒரு பியானோ செயலி போதும். கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். மூன்று கட்டைகள் சேர்ந்திருக்கும் கூட்டத்தில் முதல் கட்டையை ஸட்ஜமாக (ஆதார ஸ்வரமான 'ஸ'வாக) வைத்தால் மோகனம். அதற்கு அடுத்ததை வைத்தால் மத்யமாவதி, மூன்றாவதை வைத்தால் ஹிந்தோளம். இரட்டைக் கட்டையில் முதலாவது சுத்த சாவேரி, இரண்டாவது சுத்த தன்யாசி. அதே ஐந்து கட்டைகள், ஐந்து ராகங்கள்.

ஆனால் சுருதி இல்லாமல் பதிவு செய்து அனுப்பாதீர்கள். ஸட்ஜம் எது என்று காதுக்குத் தெரியாதபோது ஐந்தில் எதைச் சொன்னாலும் தப்பில்லை, புதிர் படுத்துவிடும். இன்னொரு கைப்பேசியில் தம்புரா செயலியை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். அரை நிமிடம் போதும். செம்பனைத் தோட்டத்துக்குள் லைன் கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவரையும் நினைத்துப் பாருங்கள்.

படி 4: விடை வாங்குவது

வாட்ஸ்அப் வாக்கெடுப்பு எனக்குப் பிடிக்காது. யார் எதைத் தொட்டார் என்று எல்லாருக்கும் தெரியும், டீச்சர் எதைத் தொடுகிறாரோ அதையே மற்றவர்களும் தொடுவார்கள். விடையைத் தனிச் செய்தியில் வாங்குங்கள். டெலிகிராமில் வினாடி வினா வசதி இதைவிட நன்றாகவே இருக்கிறது. என்ன செய்ய, எங்கள் பெரியவர்கள் யாரும் அங்கே வரமாட்டார்கள்.

பின்சேர்க்கை

கூட்டெழுத்து வந்தால் என்ன செய்வது என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். அது பெயருக்குப் பெயர் மாறும்: ரத்னாங்கி (02) போன்ற சிலவற்றில் கடைசி மெய், வேறு சிலவற்றில் முதல் மெய். முதல் மெய்யை எடுப்பதற்கு ஓர் உதாரணம். சக்ரவாகம்: ச 6, க் 1, ஆக 16. ர வை எடுத்தால் 26 ஆகிவிடும்.

இன்னொருவர் நடபைரவி சரியாக வரவில்லை என்கிறார். அதன் எண் 20, ந பூஜ்ஜியம். அப்படியானால் அது எந்த ட? பட்டியலைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.