சப்பரம் உடைந்த நாளும் தலையாட்டி பொம்மையும்

ஆடிப்பெருக்கன்று குடமுருட்டிப் படித்துறையில் என் பேரன் தன் அத்தை மகனின் கையைக் கடித்துவிட்டான். அவனுக்கு ஆறு வயது. இரண்டு நாள் உட்கார்ந்து வண்ணத்தாள் ஒட்டிய சப்பரத்தின் சக்கரத்தை மற்றவன் ஒரே இழுப்பில் பெயர்த்துவிட்டான். 31 ஆண்டு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளைக் கட்டி மேய்த்த நான் என்ன செய்தேன்? முதுகில் ஒன்று வைத்தேன். கை நீட்டக் கூடாது என்பதைக் கை நீட்டிச் சொல்லிக்கொடுத்த பெருமை எனக்கே உரியது.

மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. அதற்கு முன்பே, ஆறு காய்ந்து கிடக்கும் கோடையில் வாய்க்கால்களைத் தூர் வாரிவிட வேண்டும். தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டியோடு இறங்குகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். (சில ஆண்டுகளில் அதையும் பார்த்திருக்கிறோம், அது வேறு கதை.) பிள்ளை கத்திக்கொண்டிருக்கும்போது பாடம் நடத்துவதும் அப்படித்தான். அந்த நேரத்தில் எதுவும் காதில் ஏறாது. நிதானத்தைப் பார்த்துக்கொள்ளும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதும் தாண்டிவிடும். ஆறு வயதில் அது வெறும் நாற்றங்கால். ஆகவே கோபத்தையும் பயத்தையும் கையாளப் பழக்கும் வேலை எல்லாம் பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும் நாளில் நடக்க வேண்டும்.

முதலில் உணர்வுகளுக்குச் சொற்களைக் கொடுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இருந்தவை இரண்டே: கோபம், பயம். மிச்சமெல்லாம் 'பிடிக்கவில்லை'. ஏமாற்றம், ஏக்கம், பொறாமை, வெட்கம், எரிச்சல் ஒவ்வொன்றும் வேறு வேறு என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று தொல்காப்பியம் எட்டு வகை சொல்கிறது. அவற்றுக்கு வைத்த பெயர் மெய்ப்பாடு. மெய்யில், அதாவது உடம்பில், தென்படுவது. நானும் உடம்பிலிருந்தே தொடங்குகிறேன். 'ஏன் கோபம்?' என்று கேட்டால் பிள்ளை விழிக்கும். 'எங்கே தெரிகிறது? காது சுடுகிறதா, கை இறுகுகிறதா, வயிறு பிசைகிறதா?' என்று கேட்டால் சட்டென்று தொட்டுக் காட்டும். சாப்பாட்டு நேரத்தில் நீங்களே ஒன்றைச் சொல்லிப் பழக்குங்கள்: 'இன்று பஸ் நிற்காமல் போய்விட்டது, எனக்கு எரிச்சல், நெற்றி விண்ணென்று தெறித்தது.' அவ்வளவு போதும், கதாகாலட்சேபம் வேண்டாம்.

வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் வேலை பார்த்தேன். அதன் பிறகு மேகம் கறுத்தாலே மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு வயிறு வலிக்கும். ஓமத்தண்ணீர் கொடுத்தேன், 'பயப்படாதே' என்று நூறு முறை சொன்னேன். ஒரு நாள்தான், 'தென்னை விழுந்த சத்தம் கேட்கிறது டீச்சர்' என்றாள். 'அந்த இரவு எனக்கும் பயமாகத்தான் இருந்தது' என்றேன். காற்று கிளம்பினால் வகுப்பு ஜன்னல்களை எண்ணிச் சாத்தும் பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். வலி ஒரே நாளில் போய்விடவில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது குறைந்தது.

இனி பொம்மை. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் வாசலில் விற்கும் தலையாட்டி பொம்மையில் அடி உருண்டு கனத்த வகையை வாங்குங்கள். இடுப்பையும் தலையையும் தனித்தனியாக ஆட்டும் நாட்டியக்காரி இதற்கு உதவாது. பொம்மையைச் சாய்த்து விட்டுவிட வேண்டும். அது ஆடி ஆடித் தானாக நிற்கும்வரை யாரும் பேசக் கூடாது. சூடான பாலை ஆற்றுவதுபோல மெல்ல, நீளமாக ஊத வேண்டும். மூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. முதலில் இதை விளையாட்டாகவே பத்து நாள் ஆடுங்கள். கோபம் வந்த அன்றுதான் பொம்மையை எடுத்து நீட்டினால் அது பறந்து போய்ச் சுவரில் மோதும். எங்கள் வீட்டில் ஒன்று அப்படித்தான் மூக்குடைந்தது.

கத்தல் தொடங்கிவிட்டால் பிள்ளையின் உயரத்துக்கு உட்காருங்கள். அடிக்கும் கையைப் பிடியுங்கள், முறுக்காதீர்கள். 'சப்பரம் உடைந்ததில் கோபம். கடிக்க விடமாட்டேன்.' இரண்டு வாக்கியம், பிறகு சும்மா இருப்பது. இந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு இன்றும் வரவில்லை. 'ஆண்பிள்ளை அழலாமா', 'பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்' இரண்டையும் மூட்டை கட்டுங்கள். விழுந்த பிள்ளையைத் தேற்றத் தரையை அடிப்போமே, அதையும்தான். வலித்தால் யாரையாவது அடிக்கலாம் என்பதைத் தவழும் வயதிலேயே நாம்தான் கற்றுத்தருகிறோம்.

வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டால், தன்னையே காயப்படுத்திக்கொண்டால் பொம்மையோடு நிற்காதீர்கள். குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை.

அன்று சாயங்காலம் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து சக்கரத்தை ஆணி வைத்துப் பொருத்தினார்கள். அது இன்னும் கோணலாகத்தான் ஓடுகிறது. கடிபட்ட இடத்துக்கு என் பேரனே தேங்காய் எண்ணெய் தடவினான். 'நான் அடித்தது தப்பு' என்று அவனிடம் சொன்னேன். சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

'அப்போது உனக்கு எங்கே சுட்டது அப்பாயி?'

'காதில்' என்றேன்.

மூக்குடைந்த பொம்மையை என் பக்கமாகத் தள்ளி வைத்தான்.